அரை டப்பாவின் ஐந்தாவது வட்டம்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை இருக்கிற பெயிண்டர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்தால், அதில் பெயிண்ட் அடிக்க மறுக்கிறவர் ஒரே ஒருவர்தான் இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் ‘அரை டப்பா’. விற்கப் போகிற வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, அரை டப்பா பெயிண்டுக்கு மேல் தொடமாட்டார். கோபாலபுரத்தில் எட்டு அறை பங்களா ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கேட்டுக்கு மட்டும் அடிச்சா போதும் நைனா, மத்ததெல்லாம் மரம் மறச்சிக்கினு கீது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர். பங்களா அந்த வாரமே விற்றுப்போயிற்றாம். இதை எனக்குச் சொன்னவரும் அவர்தான் என்றாலும் நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அவர் எனக்குக் கிடைத்தது ஓர் ஆனி மாதத்தில். மந்தைவெளியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் மனைவி கோமதிக்கு மூட்டு தேய்ந்து, பொங்கலுக்குப் பிறகு அவள் தெருவில் கால் வைக்கவில்லை. தினமும் மாடவீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். திருவான்மியூரில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். இதை விற்றால்தான் அது. அந்த வீட்டுக்காரர், “ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சிடுங்க சார், அப்புறம் வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்று சொல்லிவிட்டார். ஆடியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். கையில் இருந்தது பதினேழு நாள்.

பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். நான் பொருள் வாங்குவேன். தி.நகருக்குப் போய் பிளாஸ்டிக் ரோஜா நான்கு கொத்து, சிரிக்கும் புத்தர் ஒன்று, பிளக்கைச் சொருகினால் சலசலவென்று தண்ணீர் கொட்டும் நீரூற்று ஒன்று, எல்லாம் வாங்கிவந்து ஹாலில் பரப்பினேன். முதலில் வந்த தம்பதி வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு, “மேல லீக்கா சார்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

மறுநாள் அரை டப்பா வந்தார். காதில் பீடிக்குப் பதிலாகச் சாக்பீஸ். நீரூற்றை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“வீட்டுக்கு ஒரு அழகு...”

“பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பொண்ணைக் காட்டாம கேசரியக் காட்டுவியா? ஆஃப் பண்ணு சார்!”

பிறகு குனிந்து தரையில் நான்கு வட்டம் போட்டார். வாசலில் ஒன்று, சமையலறை நிலைப்படியில் ஒன்று, பால்கனியில் ஒன்று, பாத்ரூம் கதவருகே ஒன்று.

“வூடு பாக்க வர்றவன் வூட்டைப் பாக்க மாட்டான் சார். இந்த நாலு எடத்துல நிப்பான். அங்கேந்து இன்னா தெரியுதோ, அதான் வூடு. பாத்ரூம்ல கால் வைக்கவே மாட்டான். எட்டிப் பாத்து தலைய ஆட்டுவான். நீ வந்து நில்லு.”

வாசல் வட்டத்தில் நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருந்தும், எங்கள் ஹாலில் பதினோரு காலண்டர் தொங்குகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் எங்கள் சுவரில்தான் குடியிருந்தன.

“முருகனை மட்டும் எடுத்தீங்க, நான் இந்த வீட்டை விட்டே போயிடுவேன்” என்றாள் கோமதி.

“அக்கா, நீ போறதுக்குத்தான இம்மாம் வேலையும்!”

ஐந்து மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். முருகன் தங்கினார். மற்ற பத்து பேர் பழைய பேப்பர் கடைக்குப் போனார்கள்.

குழாய்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். சுவிட்ச் பலகைகளைப் பல்பொடியால் துலக்கினேன். அழுது வடிந்த டியூப்லைட்டுகளை மாற்றினேன். பெயிண்டர் பீரோ மேல் சாய்ந்து நின்று, “மூலைய விட்டுட்ட பாரு” என்று மேற்பார்வை செய்தார். பால்கனி வட்டத்தில் நின்றபோது வலது சுவரில் ஓதம் தெரிந்தது. இந்தியா வரைபடம் மாதிரி, இலங்கை உட்பட.

“இதுக்கு மேல பெயிண்ட்ட ஒரு இழுப்பு இழுத்துடுங்களேன்” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“அரை டப்பால உண்மையத்தான் சார் அடிக்க முடியும். பொய் அடிக்கணும்னா முழு டப்பா வேணும். அதுவும் வருஷா வருஷம் வேணும்.”

சொல்லிவிட்டு டப்பாவோடு வெளியே போனவரைக் காணவில்லை. தேடிப்போனால், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, பொதுச் சுவருக்கு ஜோராகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்! கீழே ஐந்தாவது வட்டம். அதன் நடுவில் எங்கள் வீட்டு முக்காலி. பக்கத்தில் சொம்பில் தண்ணீர்.

“யோவ், என் வீட்டுக்கு வாங்கின பெயிண்டுய்யா!”

“மூணு மாடி ஏறி மூச்சு வாங்கறவன் கண்ணுக்கு அரண்மனையக் காட்டினாலும் தெரியாது சார். மொதல்ல அவன் உக்காரட்டும்.”

மொத்த அரை டப்பாவும் மாடிப்படியோடு போயிற்று. அன்று நான் சாப்பிடவில்லை.

ஆனி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி மனைவியோடு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் வட்டத்தில் நின்றார்! அடுத்த வட்டம், அதற்கடுத்த வட்டம். பாத்ரூமை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் பிள்ளை பரிசு வாங்கினால்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்க மாட்டேன். கடைசி வட்டமான பால்கனியில் அண்ணாச்சி வேப்பமரத்தை ரசித்துக்கொண்டிருந்தபோது, மறந்துவைத்த பிரஷ்ஷை எடுக்க வந்த அரை டப்பா உள்ளே தலையை நீட்டினார்.

“அண்ணாச்சி, ரைட்டுல பாரு. ஓதம் கீது. பைப்பு ஜாயிண்டு போயிடுச்சி. மழை வந்தா இன்னும் வரும்.”

குதித்துவிடலாமா என்று கீழே எட்டிப் பார்த்தேன். மூன்று மாடி திரும்ப ஏறி வரவேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி ஓதத்தைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெயிண்டரைப் பார்த்தார்.

“நம்ம கடையில சொட்டை விழுந்த குடத்த மொதல்ல நாமளே காட்டிருவோம். அப்பத்தான் மத்த குடத்த நம்புவாவ. வேற எங்க சொட்டை இருக்கு, சொல்லும்வே.”

“வேற இல்ல. மூணு மாடி, அவ்ளோதான். அந்த அக்காவால ஏறி எறங்க முடியல. அதான் விக்கறாங்க.”

“எம் பயலுவ ரெண்டு பேரும் மூணு மூணு படியாத் தாண்டுவானுவ” என்று அண்ணாச்சி சிரித்தார். அவர் மனைவி அதற்குள் கோமதி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தைலம் தடவுகிறாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அட்வான்ஸ் கைமாறியது.

காலி செய்த அன்று கோமதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, இரண்டாவது மாடி முக்காலியில் உட்கார்ந்து இளைப்பாறினாள். புதுப் பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். “நல்லாத்தான் அடிச்சிருக்காரு” என்றாள்.

ஆவணியில் திருவான்மியூர் வீட்டுக்கு அரை டப்பாவை அழைத்தேன். இந்த முறை என் பெருமைக்கு ஒரு முழு டப்பா வாங்கி வைத்திருந்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலுக்கு உள்பக்கம் ஒரே ஒரு வட்டம் போட்டு, தெருவைப் பார்த்தபடி என்னை நிறுத்தினார்.

“இன்னா சார் தெரியுது?”

“கேட்டைத் திறந்துக்கிட்டு கோமதி வர்றா. பீச்சுக்குப் போயிட்டு வர்றா போல. செருப்புல இருக்கிற மணலை உதறிக்கிட்டு இருக்கா.”

“அப்ப பெயிண்ட் வேணாம் சார்.”

டப்பா இன்னும் பரண் மேல் பிரிக்காமல் இருக்கிறது. எங்கள் வீட்டில் தரை துடைப்பது என் வேலை. அந்த வட்டத்தை மட்டும் நான் சுற்றிக்கொண்டுதான் துடைக்கிறேன்.