பூவம்மாவின் பதினைந்து இலக்கங்கள்

பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றைப் பதிவு செய்து முடித்த அரசு, 2009ஆம் ஆண்டின் இறுதியில் தன் கருணைப் பார்வையைக் கைபேசிகளின் பக்கம் திருப்பியது. ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் பதினைந்து இலக்க அடையாள எண் இருத்தல் வேண்டும். இல்லாதது டிசம்பர் முதல் வாய் திறக்காது என்று ஆணை பிறந்தது.

திருவொற்றியூர்ப் பூவம்மாவின் மலிவான கைபேசியில் அவ்விடத்தில் பதினைந்து பூஜ்யங்கள் இருந்தன. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் எந்தக் கிடங்கில் வேலை என்பதை மேஸ்திரி காலை ஆறு மணிக்கு அதில்தான் சொல்வார். மூன்று நாள் எடுக்காவிட்டால், பூவம்மாவும் அவளுடன் கம்பி அடுக்கும் ஐந்து பெண்களும் வீட்டிலேயே இருக்கலாம். எனவே கைபேசி அடையாளச் சீராக்க அலுவலகம் திறந்த அன்றே, முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அலுவலர் ரகுபதி கைபேசியைப் புரட்டிப் பார்த்தார்.

"சட்டப்படி இப்படி ஒரு போனே கிடையாதும்மா."

"பேசிக்கினு கீதே சார்."

"பேசறதெல்லாம் ஆதாரம் ஆகாது."

ஆயினும் இரக்கமுள்ளவர். மேலிடத்துச் சுற்றறிக்கையைப் பிரித்தார். 'எடுத்துக்காட்டாக' என்ற சொல்லுக்குக் கீழே ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தது. அதை ஓர் இலக்கமும் பிசகாமல் அவள் கைபேசியில் ஏற்றினார். அவளுக்குப் பின்னால் நின்றவருக்கும் அதையே ஏற்றினார். ஒரே மாதத்தில் நாலாயிரம் பேர் அவ்வெண்ணைப் பெற்று மகிழ்ந்தனர். சுற்றறிக்கையில் இல்லாத எண்ணைத் தர அவருக்கு அதிகாரமில்லை.

ஜனவரியில் மீஞ்சூரில் அவ்வெண்ணுள்ள கைபேசி ஒன்று களவு போயிற்று. கைபேசிக் கோபுரங்களின் வழியே தேடினார்கள். எண் எங்கெல்லாம் போயிற்று என்று பட்டியல் வந்தது. பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு நேராக இருந்த முதல் பெயர் பூவம்மா. அவளை வரவழைத்து, கைபேசியை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார் ரகுபதி. இரண்டு நாள் கழித்து விசாரணை தொடங்கியது.

"செவ்வாய்க்கிழம காலைல ஒன்பது மணிக்கு எங்க இருந்த?"

"சாத்தாங்காட்டுல சார். கம்பி அடுக்கிகினு இருந்தேன்."

"எண்ணூர்லயும் இருந்திருக்க. அதே நேரத்துல மீஞ்சூர்ல. ராயபுரத்துல எழுபது தெருவுல. கடலுக்குள்ள வேற ரெண்டு மணி நேரம்."

"கடலுக்குள்ளயா? நான் இன்னா வஞ்சிரமா சார்?"

"அதைத்தான் நீ எழுதிக் குடுக்கணும்."

"நாலாயிரம் பேருக்கு ஒரே நம்பர போட்டது நீதான சார்?"

"நாலாயிரம் பேர்னு யார் சொன்னது? சுற்றறிக்கை, பத்தி நாலு. ஒரு எண், ஒரு நபர். எண் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணு. எல்லா இடத்துக்கும் போனது பூவம்மாதான். போன இடத்துக்கெல்லாம் பூவம்மா கையெழுத்து வேணும். அதுவரைக்கும் போன் வராது."

மறுநாள் விடிந்தால் மூன்றாம் நாள். போகாத ஊருக்குப் போனதாகக் கையெழுத்திட்டால் மீஞ்சூர்க் களவும் அவள் தலையில் விழும். பூவம்மா சற்றே யோசித்தாள்.

"சார், உன் போன எடு. ஸ்டார், ஆஷ், பூஜ்யம், ஆறு, ஆஷ். அழுத்து. உள்ள கீற நம்பர் தெரியும்."

ரகுபதி அழுத்தினார். அரசு ஊழியர் முன்மாதிரியாகத் திகழ வேண்டும் என்பதற்காக, தம் கைபேசிக்கும் அவர் முறைப்படி எண் ஏற்றியிருந்தார். திரையில் தெரிந்ததைச் சுற்றறிக்கையுடன் இருமுறை ஒப்பிட்டார். பிழையில்லை.

"பத்தி நாலு இன்னா சொல்லுது சார்?"

"ஒரு எண்... ஒரு நபர்."

"அப்போ கையெழுத்த நீயே போட்டுடு."

இருபத்தாறு ஆண்டுப் பணியில் ரகுபதி சுற்றறிக்கையை மீறியதில்லை. பேனாவைத் திறந்து, எழுபத்து மூன்று இடங்களில் 'பூவம்மா' என்று தெளிவாகக் கையொப்பமிட்டார். பூட்டைத் திறந்து கைபேசியைக் கொடுத்தார். மறுநாள் ஆறு மணிக்கு மேஸ்திரி அழைத்தார், பூவம்மா எடுத்தாள்.

திருடியவரும் பறிகொடுத்தவரும் பூவம்மாவே என்பதால், குற்றம் எதுவும் நிகழவில்லை என்று கோப்பு முடிக்கப்பட்டது. பதிவேட்டின்படி அந்த நாலாயிரம் பேரில் மற்ற எவரும் வீட்டைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

செய்தி பரவிய மறுவாரம் அலுவலக வாசலில் வரிசை நீண்டது. அசல் எண்ணுள்ள கைபேசியை முறையாகக் கடையில் வாங்கியிருந்த கண்ணியமான குடிமக்கள், தங்களையும் பூவம்மா ஆக்கும்படி மனுவுடன் நின்றார்கள்.