மூக்கு வெடித்த சனிக்கிழமை

பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்கிற முகம் எனக்கு. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மாட்டாமல் சொன்னேன். அது இவ்வளவு பெரிய வினையாகும் என்று தெரிந்திருந்தால் வழக்கம்போல மாட்டியிருப்பேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்குக் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் வரைவது என் வேலை. மவுஸைப் பிடித்தே கை மரத்துப்போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவனை, ஏனாத்தூர் பக்கம் நடந்த மண்பானைப் பயிற்சியில் சேர்த்துவிட்டாள் என் மனைவி ரேவதி. அங்கே சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிப் பானையை எழுப்பி, அதில் ஏதாவது ஒரு உணர்ச்சியுள்ள முகம் செய்ய வேண்டும்.

நான் கோபத்தை எடுத்துக்கொண்டேன். கழுத்தில் கீறிய கோபுர பார்டர் அருமையாக வந்தது (தொழில் பழக்கம்). முகம்தான் பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. பானை செய்யக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை மாலை, மூக்கு பெரிதானால் கோபம் வந்துவிடும் என்று தோன்றி, குடைமிளகாய் அளவில் ஒன்றை ஒட்டினேன்.

பயிற்சி கொடுத்த ஸ்டெல்லா மேடம் பார்த்துவிட்டார். "சார், மூக்க உள்ள குடைஞ்சிடுங்க. ஈரம் நின்னா சூளையில வெடிக்கும். பக்கத்துல இருக்கிறதையும் உடைச்சிடும்."

குடைந்தால் மூக்கு கோணியது. விட்டுவிட்டேன். மறுநாள் எல்லோருக்கும் முன்னதாகவே போய், ரேவதியின் ஹேர் டிரையரால் அரைமணி நேரம் ஊதினேன்.

"குடைஞ்சிட்டீங்களா சார்?"

"ஆச்சு மேடம்."

மின்சூளையில் என் பானைக்குப் பக்கத்தில் தனலட்சுமி அக்காவின் பானையை வைத்தார். அக்கா தறி நெய்கிறவர். அவர் செய்த முகம் வாயை அகலத் திறந்து சிரித்தது.

"யாருக்கா இது?" என்று சும்மாதான் கேட்டேன்.

"என் தம்பிப்பா. போன வருஷம் போய்ட்டான். எல்லா போட்டோவுலயும் மொறச்சிக்கினு நிக்கிறான். சிரிக்கிற போட்டோ ஒண்ணு கூட இல்ல. அதான்."

சூளைக் கதவு மூடியது. அந்த நொடியே சொல்லியிருக்கலாம்.

மற்றவர்கள் இட்லி சாப்பிட்டார்கள். நான் சூளையின் திரையில் ஏறிக்கொண்டிருந்த டிகிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பூன் விழுந்த சத்தத்துக்கே எழுந்து நின்றுவிட்டேன். பிறகு சூளைக்குள்ளிருந்து, 'டப்'.

"யாராவது ஈரமா வச்சீங்களா?" என்றார் ஸ்டெல்லா. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"இப்ப தெறந்தா மிச்சமும் விரிசல் விட்டுடும். நாளைக்கு மத்தியானம்தான் தெறக்கணும்."

வீட்டில் ரேவதியிடம் கொட்டிவிட்டேன். "கதவு தெறக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றாள். "அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு ஒத்துக்கிறது இல்ல, மாட்டிக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை போனேன். "அக்கா..." என்று நான் ஆரம்பிக்கவும், ஸ்டெல்லா கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

என் பானையில் பார்டர் இருந்தது, முகம் இல்லை. அக்காவின் தம்பிக்கு ஒரு காது போயிருந்தது. சிரிக்கிற வாய்க்குள் என் மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. யார் மூக்கு என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"நான்தான்கா. குடையல. பொய் சொல்லிட்டேன்."

அக்கா தன் பானையை எடுத்து, மூக்கைப் பிடுங்கிப் பார்த்தார். வரவில்லை. அவர் தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதனா வாயில அடைச்சிக்கினுதாம்பா சிரிப்பான். இப்பதான் அவன மாதிரியே இருக்குது." அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆனா நேத்து மேடம் கேட்டாங்களே, அப்ப ஏம்பா சொல்லல?"

சூளைக்குள் கிடந்த காதுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அதிலிருந்து, நான் எந்த வேலையை முடித்தேன் என்று சொன்னாலும் ரேவதி, "உள்ள குடைஞ்சாச்சா?" என்கிறாள். அந்தப் பானை அக்கா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவிடம் அக்கா என்னை அறிமுகப்படுத்தினார்: "சொன்னேன்ல, என் தம்பி வாயில இருக்கிற மூக்கு. அது இவருதுதான்."

அந்த அம்மாள் கைகூப்பினார். அப்படியே மெல்ல நிமிர்ந்து, என் முகத்தில் மூக்கு இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.