கிடைக்காத கார்புரேட்டர்

உலகத்தில் எங்குமே கிடைக்காத ஒரு பொருள், பழைய செய்தித்தாளில் சுற்றியபடி ஆய்வாளரின் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

"பிரிச்சுப் பாருங்க அத்தான்," என்றான் மச்சான்.

ஆய்வாளர் பிரித்தார். உள்ளே கார்புரேட்டர். அவருடைய பழைய ஸ்கூட்டருக்கானது. பதினான்கு மாதங்களாகக் கிடைக்கவில்லை என்று அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அதே கார்புரேட்டர்.

"எங்க புடிச்ச?" என்றார்.

"எட்டு மணி நேரப் பயணம். பழைய இரும்புக் கடை. ஒரு மலை மாதிரி குவிச்சு வெச்சிருந்தான். அதுக்குள்ள முக்கால் நாள் தலைகீழாத் தொங்கித் தேடினேன்."

மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். மனிதர்கள் படியேறக் கூடாது என்பதற்காகவே ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அத்தான் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போவது அவனுக்குத் தூக்கம் பிடிக்காத விஷயமாக இருந்திருக்கிறது.

"அக்கா, இனிமே அத்தான் நடக்க வேண்டாம்," என்றான்.

தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள். மறுபடி மெஷினை மிதித்தாள்.

ஆய்வாளர் கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் எடை அளவுத் துறை ஆய்வாளர். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துபவர். பத்து கிராம் ஏமாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார். தன்னை மட்டும் எந்தத் தராசிலும் ஏற்ற மாட்டார். பள்ளியில் அவரை எடைக்கல் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை கிடைத்தபோது பழைய நண்பர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

பன்னிரண்டு வயதில் தொடங்கியது இளைக்கும் முயற்சி. காய்கறி மட்டும், பழம் மட்டும், ராத்திரியில் ஒன்றுமில்லை, ஒரு தடவை வெறும் வெந்நீர். மொத்தம் பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் வீட்டைக் கூட்டி அறிவிப்பார். அன்றிலிருந்து வீடு உதவ ஆரம்பிக்கும். அம்மா தட்டை எட்டிப் பார்ப்பார். மனைவி பிஸ்கட் டப்பாவைப் பூட்டுவாள். சொந்தக்காரர்கள் போன் போட்டு எத்தனை கிலோ என்று கேட்பார்கள். நாலாவது வாரம் அவர் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேக் தின்பார். அங்கே வெல்வெட் பதித்த பெட்டியில் பித்தளைப் படிக்கற்கள் வரிசையாக இருக்கும். ஐந்து கிலோ கல் என்றைக்கோ காணாமல் போனது. அந்தக் குழியில் கச்சிதமாக ஒரு பாக்கெட் பிஸ்கட் அடங்கும்.

ஒளித்துச் செய்யும் எதையும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. சொல்லிச் செய்யும் எதையும் ஒரு மாதம் தாண்டிச் செய்ததில்லை.

அவருடைய அப்பாவும் அதே உடம்பு. ஐம்பதைப் பார்க்கவில்லை. ஆய்வாளருக்குப் போன வருடம் நாற்பத்தாறு. எடை நூற்றுப்பன்னிரண்டு.

அப்போதுதான் ஒருநாள் காலையில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. எத்தனை உதைத்தும் பலனில்லை. தராசைத் தவிர வேறு இயந்திரம் எதுவும் அவருக்குத் தெரியாது. மனைவிதான் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் குனிந்து பார்த்து, "கார்புரேட்டர் மாதிரி தெரியுது," என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆய்வாளர் திட்டிக்கொண்டே நடந்தார். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். ஒரு நாய் கூடவே வந்தது. அதற்கும் மூச்சு வாங்கியது.

ஒன்பதாம் நாள் அலுவலகத்தில் யாரும் வருமுன் மேடைத் தராசில் ஏறிப் பார்த்தார். நூற்றுப்பத்து. தராசு பழுதோ என்று படிக்கற்களை வைத்துச் சோதித்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலையே மெக்கானிக் கடைக்குப் போனார்.

"ஒரு நிமிஷ வேலைதான் சார் பாக்கி. சொன்னா முடிச்சிடலாம்," என்றார் மெக்கானிக்.

"முடிக்க வேணாம். வண்டி இங்கேயே இருக்கட்டும். வீட்ல யாராவது கேட்டா கார்புரேட்டர் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க."

"சரி சார்."

ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காத மனிதர் என்று ஆய்வாளருக்கு அவரைப் பிடித்துப்போனது.

இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. நடந்தார். சுமப்பது தன் கை என்பதால் நாலடுக்கு டிபன் கேரியர் இரண்டடுக்கு ஆனது. வழியில் இருந்த கேக் கடையைத் தாண்டுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. அதன்பின் அது ஒரு கடை, அவ்வளவுதான். ராத்திரி படுத்ததும் தூங்கினார். பசித்தால் சாப்பிட்டார்; பசி என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. வெல்வெட் பெட்டியின் குழி காலியாகக் கிடந்தது.

ஆபத்து இருந்தது வீட்டில்தான்.

"வண்டி எப்பங்க வரும்? இப்படி நடந்து போனா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று மனைவி வாரம் ஒருமுறையாவது கேட்பாள். கேட்கக் கேட்க அவருக்கு வீறாப்பு ஏறும். நாலாவது மாதம் அடைமழை. போதும் என்று தோன்றிய ஒரு காலையில் அவள், "நாளையிலேருந்து கார் சொல்லிடறேன். நடக்கிறதெல்லாம் உங்க உடம்புக்கு ஒத்து வராது," என்றாள். மறுநாள் அவள் எழுந்திருக்குமுன் குடையோடு கிளம்பிவிட்டார்.

சட்டை தொளதொளத்தது. மனைவி தையற்காரி, ஊருக்கே அளவெடுப்பவள். எப்படியும் கேட்பாள் என்று பயந்தார். அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "புது சோப்பு சரியில்லைங்க. துணி தளர்ந்து போயிடுது," என்று சொல்லிப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். பெல்ட்டில் அவரே முத்திரை அச்சால் ஐந்து துளை போட்டுக்கொண்டார். அதையும் அவள் கவனிக்கவில்லை. பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது எடை எண்பத்துநாலு. வீட்டில் அமைதி. வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேசைமேல் கார்புரேட்டர் வந்து இறங்கும்வரை.

"இது வேற மாடல் போலிருக்கே," என்றார் ஆய்வாளர்.

"நம்பர் பாத்துதான் வாங்கினேன். வண்டி புத்தகத்தைக் கையிலேயே வெச்சிருந்தேன்."

"பழசா இருக்கே."

"வண்டியும் பழசுதானே அத்தான். வாங்க, இப்பவே கொடுத்து மாட்டிடலாம். வாசல்ல கார் இருக்கு."

"கடை பூட்டியிருக்கும்."

"ஞாயித்துக்கிழமைதான் லீவு. இன்னைக்கு சனி."

"அவர் ஊர்ல இல்லை."

"எங்க போனார்?"

ஆய்வாளர் கூரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அவரோட அம்மா தவறிட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே வருந்தினார். தையல் மெஷின் நின்றது.

"யாரு? அந்த அம்மாவா?" என்றாள் மனைவி. "போன வாரம்தானே..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அதேதான். போன வாரம்தான்," என்று ஆய்வாளர் பிடித்துக்கொண்டார். "திடீர்னு."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்தாள்.

"அப்போ கண்டிப்பாப் போகணும். பதினாலு மாசமா நம்ம வண்டிக்காக அலையற மனுஷன். துக்கம் கேக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

"அவர்தான் ஊர்ல இல்லையே."

"கடைக்குப் பின்னாடிதானே வீடு. யாராவது இருப்பாங்க. நான் புடவை மாத்திட்டு வரேன்."

"வெறுங்கையோட போகக் கூடாது. நான் பூ வாங்கிட்டு வந்துடறேன்," என்று மச்சான் வெளியே ஓடினான்.

ஆய்வாளர் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு எண்ணை அழுத்தினார். கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போங்கள் என்று சொன்னால் போதும்.

"ஹலோ, யாரு?" பெண் குரல்.

"மெக்கானிக் இல்லையா?"

"அவன் ஒரு வேனுக்கு அடியில படுத்திருக்கான். நான் அவன் அம்மா பேசறேன்."

ஆய்வாளர் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு... உடம்பு எப்படி இருக்கும்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன் தம்பி?"

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் உள்ளேயே இருக்க முடியுமா?"

"எதுக்கு?"

"வெளியே வெயில்."

"வெயில்தான் எனக்கு ஒத்துக்கும். முட்டி வலிக்கு டாக்டரே சொல்லியிருக்கார். யாரு பேசறது? தண்ணி கொட்டற சத்தம் கேக்குது, குழாயை மூடுப்பா முதல்ல."

குழாயை மூடினார். போனையும் வைத்தார்.

காரில் முன்னால் டிரைவர் பக்கத்தில் மச்சான். மடியில் வெள்ளைப் பூக்கள், பூக்களுக்கு நடுவே கார்புரேட்டர். பின்னால் மனைவி வெளிர்நிறப் புடவையில், துக்கத்துக்கு ஏற்ற முகத்தோடு. ஆய்வாளர் தலைவலி என்றார். மாத்திரை கொடுத்தாள். நெஞ்சு படபடக்கிறது என்றார். ஆஸ்பத்திரி மெக்கானிக் கடையைத் தாண்டித்தான், போகிற வழியில் துக்கம் கேட்டுவிடலாம் என்றாள்.

கடை திறந்திருந்தது. வாசலில், நல்ல வெயிலில், நாற்காலி போட்டு மெக்கானிக்கின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. தட்டில் போல்ட்டுகள். பெரியது ஒரு பக்கம் சின்னது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் இறங்கி நேராக அவரிடம் போனான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"எப்படிம்மா ஆச்சு?" என்றான்.

"எது?"

"அம்மா போனது."

"எங்க அம்மாவா? அது ஆச்சு முப்பது வருஷம்."

"இல்லை, மெக்கானிக்கோட அம்மா."

"அது நான்தானே."

மச்சான் பூவைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். கையில் இருப்பதை வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அம்மாவிடமே நீட்டினான்.

"எனக்கா?" அவர் முகம் மலர்ந்தது. "எனக்குப் பூ கொடுத்து எத்தனை நாளாச்சு. நல்லா இருப்பா."

வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக் எழுந்து வந்தார். கையில் கிரீஸ். ஆய்வாளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஆய்வாளருக்கு ஓடித் தப்பிக்கலாம் என்று தோன்றியது. இப்போது ஓட முடியும் என்பதும் கூடவே தோன்றியது. ஆனால் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பொய் சொன்னேன்," என்றார். "கார்புரேட்டர், இந்த அம்மா, எல்லாமே பொய். வண்டி ஒன்பதாம் நாளே கிடைச்சிருக்கும். நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏங்க?"

"நடக்கணும்னு. இருபத்தெட்டு கிலோ இறங்கியிருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னுடும். பத்தொன்பது தடவை நின்னுது. இந்தத் தடவை நின்னா இன்னொரு தடவைக்கு எனக்கு நேரமில்லை. அப்பாவுக்கு எத்தனை வயசுன்னு உனக்குத் தெரியும்."

மனைவி முந்தானையால் கண்ணின் ஓரத்தை ஒற்றிக்கொண்டாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தது, நுழைத்துப் பார்த்தாள்.

"நான் பெரிய ஏமாளிங்க," என்றாள். "ஒண்ணுமே தெரியாம இருந்துட்டேன்."

"உன்னை ஏமாத்தணும்னு இல்லம்மா."

"பரவாயில்லை. இனிமேயும் நடங்க. நான் கேக்கவே மாட்டேன்."

ஆய்வாளருக்கு மனசு லேசானது. எண்பத்துநாலுக்கும் கீழே இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

"அப்போ இது எதுக்கு?" என்றான் மச்சான், கார்புரேட்டரைத் தூக்கிக் காட்டி. முக்கால் நாள் தலைகீழாகத் தொங்கியவன் அவன். கடை மூலையில் தார்ப்பாய் மூடிய ஸ்கூட்டர் நின்றது. போய் அதை விலக்கினான். "நல்ல வண்டின்னா ஓடணுமில்ல? பாத்துடலாம்."

"வேணாம்..." என்று மெக்கானிக் கையை நீட்டுவதற்குள் ஏறி நின்று உதைத்தான். கிளம்பவில்லை. பத்து தடவை உதைத்தான். சட்டை நனைந்தது. உறுமல்கூட இல்லை.

"பாத்தீங்களா? கார்புரேட்டர்தான்," என்றான் மூச்சிரைக்க.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். மனைவி திடீரென்று தெருவைப் பார்த்தாள்.

பூவை முகர்ந்துகொண்டிருந்த மெக்கானிக்கின் அம்மா நிமிர்ந்தார்.

"ஏம்மா, நடந்தாத்தான் இந்த மனுஷன் பொழைப்பாரு, அதுவும் உனக்குத் தெரியாம நடக்கிறதா நினைச்சாத்தான் நடப்பாருன்னு சொல்லி, போன வருஷம் ஒரு விடியக்காலையில எம் பையனை வரவழைச்சு வண்டியோட ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி வாங்கி வெச்சுக்கிட்டியே, அதைக் கொடு முதல்ல. உன் தம்பி காலை ஒடிச்சுக்கப் போறான்."