சூரியன் திருப்பி அனுப்பிய பல்

அஸ்வான், ஜூன் 19

மரியாதைக்குரிய நாஹித் அண்ணிக்கு, மனார் எழுதுவது. அலெக்சாந்திரியாவில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் கடல்காற்றில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இறைவன் அருளால் எல்லோரும் நலம், வெயில் நாற்பத்தாறு. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால், மகள் ஹனீனைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தோல் டாக்டரான நீங்கள் போன ரமலானுக்கு வந்தபோது போட்ட விதிகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. பத்திலிருந்து நாலு வரை பிள்ளை வாசல் தாண்டுவதில்லை. முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீம். ஆறு வயசுக்கு விஞ்ஞானம் புரியாது என்று, சூரியன் பொல்லாதது, அதற்கு நம்மைக் கண்டாலே ஆகாது, அதன் கண்ணில் படவே கூடாது என்று சொல்லி வளர்த்தேன். நன்றாகவே மனதில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை ரொட்டியைக் கடித்தபோது முன்பல் விழுந்தது. முதல் பல். நாமெல்லாம் சின்ன வயதில் செய்ததுதானே, விழுந்த பல்லைச் சூரியனைப் பார்த்து எறிந்து, இதை வாங்கிக்கொண்டு நல்லதாக ஒன்று கொடு என்று கேட்பது. என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் தம்பி, அதைச் சொன்னதும் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்கும் நமக்கும்தான் ஆகாதே பாபா. ஆகாதவங்ககிட்டப் பல்லைக் குடுத்தா திருப்பித் தருவாங்களா?" என்றாள். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் காலேஜில் வரலாறு படித்தவள், எனக்கென்ன தெரியும். பல்லைத் தீப்பெட்டியில் வைத்துத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டாள். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை. இன்னொன்றும் விழுந்துவிடுமாம், அதற்கும் மாற்று வராதாம். ஆறு நாளாகத் தயிரும் சூப்பும்தான், அதுவும் ஸ்ட்ரா வைத்து. பேசுவதென்றால் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான். கன்னம் ஒட்டிப்போச்சு அண்ணி, பாக்கவே பயமா இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு (நாலுக்குப் பிறகுதான், கவனிக்கவும்) கெஞ்சிக் கூத்தாடி மொட்டைமாடிக்கு அழைத்துப் போனோம். அங்கே புறா வளர்க்கிற மேல்வீட்டு உம்மு சாபிர், "யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டாள். பிள்ளைக்குத் தொப்பி, கண்ணாடி, கையுறை, மூக்கில் வெள்ளையாகக் கிரீம், தலைக்கு மேல் உங்கள் தம்பி பிடித்த பெரிய குடை. ஹனீன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். பல் குடையின் உட்பக்கத்தில் பட்டு அவள் காலடியிலேயே விழுந்தது. "வேணாம்னு திருப்பி அனுப்பிடுச்சு" என்றாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. குடையை மடக்கி மறுபடி எறியச் சொன்னேன், கையுறையெல்லாம் கிரீம், பல் வழுக்கிக்கொண்டு நேரே புறாக்கூண்டுக்குள். உங்கள் தம்பி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடுகிற சட்டையோடு உள்ளே புகுந்து துழாவி, முதலில் ஒரு சோளமணியைக் கொண்டுவந்தார். அதையே எறிந்தால் என்ன என்றார். ஹனீன் பார்த்த பார்வையில் மறுபடி கூண்டுக்குள் போனார். பல் கிடைத்தபோது சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் இறங்கிவிட்டது.

படியிறங்கும்போது பொத்திய கைக்குள்ளிருந்து, "மூஞ்சிய மூடிக்கிட்டு எறிஞ்சா யாரோட பல்லுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? புதுசை யார்கிட்டக் குடுக்கும்?" என்றாள். "நியாயம்தானே" என்றார் உங்கள் தம்பி. அவரை நீங்கள்தான் கொஞ்சம் கண்டிக்க வேண்டும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். தொப்பி, கண்ணாடி, கிரீம் எதுவும் இல்லாமல், சூரியன் நன்றாக முகம் பார்க்கும் நேரத்தில் ஒரு பல் எறிய எத்தனை நிமிடம் அனுமதி? உங்கள் பதில் எழுத்தில் வரும்வரை ஒரு நொடிகூட அவளை வெயிலில் விடமாட்டேன். இது உறுதி.

அண்ணனுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் கைபட்டவர்கள் எல்லோரும் குணமாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி மனார்

பின்குறிப்பு: மறுநாள் காலையில் தயிரையும் தள்ளிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். தொப்பி இல்லை, கிரீம் இல்லை, கடிகாரமும் பார்க்கவில்லை. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் நின்றாள். "மொதல்ல நீ மன்னிப்புக் கேளும்மா. அதைத் திட்டினது நீதானே" என்றாள். மெதுவாகக் கேட்டேன். கூண்டோரம் நின்ற உம்மு சாபிர், "சத்தமாக் கேளு பொண்ணே, அது தூரத்துல இருக்கு" என்றாள். சத்தமாகக் கேட்டேன். ஹனீன் எறிந்தாள், இந்தத் தடவை திரும்பி வரவில்லை. இரண்டு தட்டு மொலோகியாக் கீரைக்குழம்பும் சோறும் சாப்பிட்டாள். மூக்கு சிவந்திருக்கிறது, எனக்கும்தான். மேலே எழுதியதை நீங்கள் படிக்க வேண்டாம். பக்கத்துப் பல்லை இப்போது அவளே விரலால் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.