வெள்ளிக்கிழமைகளில் முயல் பிடிக்காத நாய்கள்

புங்குடுதீவு,
ஆவணி மாதம், புதன்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய நெடுந்தீவு திரு. சோமாஸ்கந்தன் அவர்களுக்கு,

நயினை அம்பாள் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றட்டும். "அன்புள்ள சம்பந்தி" என்று தொடங்கத்தான் பேனையைத் திறந்தேன், கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதுவது வழக்கம். எனக்குக் கொஞ்ச நாளாக நெஞ்செரிவு இருப்பதால் அந்த வசனத்தை விட்டுவிட்டு உங்கள் சுகத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை ரெலிபோனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். என் போனில் கதைக்கும்போது இடையில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அது என்னுடைய மூச்சுத்தான் என்று என் மனைவி அன்னபூரணம் சொல்கிறாள். அவள் ஏன் அதை அவ்வளவு அவசரமாகச் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலச் சரி விழும், ஆனால் வாசித்தது நீங்களா வேறு யாராவதா என்று அந்த நீலம் சொல்லாது. ஆகவே கடிதம். இதையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிப் பூட்டித்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தரகர் தில்லைநாதன் மூலம் உங்கள் மகன் பிரதாபனுக்கும் என் மகள் நிசாந்தினிக்கும் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கி, குறிப்புப் பொருந்தி, நாங்கள் குடும்பமாகப் படகேறி உங்கள் வீட்டுக்கு வந்தோம். என் கச்சான் கடலைத் தோட்டத்தை முயல்கள் பாழாக்குகிற கதையை நான் சொன்னதும் நீங்கள் பின்வளவுக்குப் போய் இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தீர்கள். "இதுகளின்ர தேப்பன் வன்னியிலை பண்டி மறிச்ச நாய். தாய் எங்கட ஊர்ப் பெட்டை. கலப்புக் குட்டிதான் ஓட்டத்துக்குத் திறம். வடிவாப் பழக்கினியள் எண்டால் உங்கட ஊரிலை முயலே மிஞ்சாது" என்றீர்கள். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். நான் அவற்றை நம்பித்தான் ஒன்றுக்கு வேங்கை என்றும் மற்றதற்குப் புயல் என்றும் பெயர் வைத்தேன். மகள் இரண்டையும் செல்லம், சின்னச்செல்லம் என்று கூப்பிடுகிறாள். அவை அந்தப் பெயர்களுக்கு மட்டும்தான் திரும்பிப் பார்க்கின்றன.

பழக்கத் தொடங்கிய முதல் நாளே எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்து வளவு வசீகரனிடம் ஒரு முயல் தோல் வாங்கி, கயிற்றில் கட்டி, பனங்காணிக்குள் இழுத்துக்கொண்டு ஓடினேன். முறைப்படி குட்டிகள் மணம் பிடித்துப் பின்னால் வர வேண்டும். நான் காணியைச் சுற்றி மூச்சு வாங்க ஓடி, பனை மட்டைக் கருக்கில் சாரம் மாட்டிக் கிழிந்து, ஒரு கையால் சாரத்தையும் மறு கையால் முயல் தோலையும் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறேன், இரண்டும் வடலிப் பனை நிழலில் படுத்து நான் ஓடுகிறதை ரசித்துக்கொண்டிருந்தன. வேலிக்கு மேலால் வசீகரன் எட்டிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் நாயைப் பழக்குறியளோ, நாய் உங்களைப் பழக்குதோ?" என்று கேட்டான். அவனுடைய ஊர்நாய், பெயர்கூட இல்லாதது, கிழமைக்கு ஒரு முயலாவது கொண்டுவந்து போடுகிறது. அவன் எனக்குத் தந்த தோல் உண்மையில் முயலுடையதுதானா என்று அன்றைக்கே எனக்கு ஒரு ஐயம் வந்தது, மணந்து பார்த்துத்தான் தெளிந்தேன்.

தோலைக் கெடாமல் வைக்க வேண்டும் என்று பொலித்தீன் பையில் சுற்றிப் பிரிட்ஜுக்குள் வைத்தேன். அது வெள்ளிக்கிழமை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. பால் எடுக்கப் போன அன்னபூரணத்தின் கையில் அந்தப் பை அகப்பட்டது. "தலை முழுகிப்போட்டு அம்பாளுக்கு விளக்கு வைக்க வெளிக்கிட்டனான், என்ர கையிலை உதையோ வைக்கிறியள்? உந்தத் தோலைக் கொண்டுபோய் உங்கட தலாணிக்குக் கீழை வையுங்கோ. இன்னொருக்கா என்ர குசினிக்குள்ளை கண்டால் கடலுக்குள்ளை எறிஞ்சுபோடுவன்" என்றாள். செய்யக்கூடியவள். அதனால் தோலை வெயிலில் காயவைத்து, போகிற இடமெல்லாம் ஒரு கடதாசிப் பையில் கையோடு கொண்டு திரிகிறேன். கடைச் சனம் நான் வந்தால் மெல்ல விலகி நிற்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். பெரிய மர்மம் வெள்ளிக்கிழமைதான். மற்ற நாட்களில் இந்த நாய்கள் முயலைப் பிடிக்காவிட்டாலும் முயல் இருக்கிற திசையையாவது பார்க்கும். வெள்ளி மத்தியானம் திரும்பினால் அதுவுமில்லை. நான் உசுப்பிவிட்டால் கொட்டாவி விடுகின்றன. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இரண்டும் சந்திக்குப் போய்விடும். நிசாந்தினி வேலணைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது உங்களுக்குத் தெரியும். அவள் பஸ்ஸால் இறங்கி வரும்போது அவளோடு திரும்பி வரும். வந்தால் வயிறு முட்டியிருக்கும், நான் வைக்கிற சாப்பாட்டை மோந்தும் பாராது. வேட்டைநாய்க்கு வயிறு நிறைந்தால் வேட்டை போய்விடும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "வெள்ளிக்கிழமை அதுகள் விரதம், அப்பா. முயலைத் தொடாதுகள்" என்றாள் மகள், சிரிக்காமல். பிள்ளை பொய் சொல்லாது. இந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். ஆனால் விரதம் இருக்கிற நாயின் வயிறு ஏன் ஊதியிருக்கிறது? வேங்கையின் வாயைத் திறந்து மணந்தேன். பிஸ்கற் வாசம். யாரோ என் நாய்களுக்குத் திட்டம் போட்டுப் பிஸ்கற் கொடுத்து வேட்டைக் குணத்தை அழிக்கிறார்கள். முதலில் வசீகரனை நினைத்தேன், பிறகு அன்னபூரணத்தை நினைத்தேன். பிஸ்கற் ரின்னைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. குறையாததுதான் எனக்கு இன்னும் சந்தேகம்.

அதோடு மோதகம். கோயிலில் மணி அடித்தால் இரண்டும் காதை நிமிர்த்தி, வடக்கே பார்த்துக் குந்தியிருந்து ஊளையிடுகின்றன. பிரசாதத்தில் வந்த மோதகத்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டது. பன்றி மறித்த நாயின் பிள்ளைக்கு இந்தப் பக்தி எங்கிருந்து வந்தது? நம் ஊரில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் வம்சத்தை விசாரிப்பது போல, நாய்க்கும் ஆள் விட்டு விசாரிப்பது என்று முடிவெடுத்தேன். எப்படியும் உங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க நெடுந்தீவுக்கு வரும் தில்லைநாதனிடமே அந்தப் பொறுப்பையும் கொடுத்தேன். திரும்பி வந்து கதிரையில் இருந்ததும், "தாய்ப் பக்கம் பிரச்சினை இல்லை அண்ணை, எல்லாருக்கும் தெரிஞ்ச சனம். தேப்பன் பக்கம்தான் ஆரெண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லுறாங்களில்லை" என்றார். எனக்குத் தலை சுற்றியது. நாயைத்தான் சொல்கிறார் என்று விளங்க ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அவர் சொன்ன கதை இது. நயினாதீவில் ஓர் ஐயர் வீட்டு நாய், திருவிழாச் சனத்தோடு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, திரும்பும்போது படகு மாறி ஏறி நெடுந்தீவில் இறங்கி, அடுத்த படகுவரை உங்கள் வளவில் தங்கியதாம். பொங்கல் புக்கையும் மோதகமும் தின்று வளர்ந்த நாய். வன்னி நாயை உங்கள் ஊரில் கண்டவர் ஒருவருமில்லை.

திரு. சோமாஸ்கந்தன் அவர்களே, நாயின் தகப்பனை மாற்றிச் சொன்ன வீட்டில் வேறு எதையெல்லாம் மாற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு பெண்ணைப் பெற்றவன் யோசிப்பானா இல்லையா? உங்கள் மகன் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர், ஒரு கெட்ட பழக்கமுமில்லாத பிள்ளை என்கிறீர்கள். நாயையும் அப்படித்தான் சொன்னீர்கள்.

நிசாந்தினி எங்களுக்கு ஒரே பிள்ளை. கலியாணம் முடிந்தால் இடமாற்றம் எடுத்துக்கொண்டு உங்கள் தீவுக்கு வந்துவிடுவாள். நெடுந்தீவு என்ன தூரமோ என்று கேட்பீர்கள். தூரமில்லை, கடல் இருக்கிறது. வாடைக்காற்று எழும்பினால் படகு ஓடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் பள்ளிக்கூடத்தால் வர ஒரு பஸ் பிந்தினாலே எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அதுவல்ல காரணம். காரணம் நாய்கள்தான். ஆகவே இந்தப் பேச்சுக்காலை இத்தோடு நிறுத்திக்கொள்வது இரு வீட்டுக்கும் நல்லது என்று மிகுந்த மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். நாய்களை எப்போது, எந்தப் படகில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அறியத் தரவும்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். உங்கள் மகனுக்கு நல்ல இடத்தில், முடிந்தால் உங்கள் தீவிலேயே, ஒரு பெண் அமைய என் மனப்பூர்வமான ஆசீர்வாதம். வளவும் கிணறும் ஆடுமாடும் பெருகி நீடு வாழ்க.

இப்படிக்கு,
மனவருத்தத்துடன்,
தியாகலிங்கம்
(ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடை முகாமையாளர்)

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உறை கிழிந்திருப்பதைப் பார்த்து யாரோ வாசித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், கிழித்தது நான்தான். எல்லாவற்றையும் புதிதாக எழுத நேரமில்லை. இதைக் கொண்டு வரப்போகிறவர் உங்கள் மகன். அவர் முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார், கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும். மேலே உள்ளதை வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

இன்று பிஸ்கற் கள்வனைப் பிடிப்பதென்று பஸ் வருமுன்பே சந்தியில் பூவரச மரத்துக்குப் பின்னால் போய் ஒளித்திருந்தேன். நாய்கள் எனக்கு முதலே வந்து தரிப்பிடத்தில் குந்தியிருந்தன. குறிகட்டுவான் பஸ் வந்தது. முன்கதவால் நிசாந்தினி இறங்கினாள், பின்கதவால் உங்கள் மகன் இறங்கினார். கிழமை முடிய ஊருக்குப் படகேறப் போகிற பிள்ளை இங்கே ஏன் இறங்குகிறது என்று நான் யோசித்து முடிக்கவில்லை, அவர் பையிலிருந்து மாரி பிஸ்கற் பக்கற்றை எடுத்தார். அவள் கையை நீட்டி வாங்கி, உடைத்து, நாய்களுக்குப் போட்டாள். அவர்கள் செய்த விதத்திலேயே இது முதல் வெள்ளி இல்லை என்று விளங்கிவிட்டது.

"அப்பா என்னவாம்?" என்று உங்கள் மகன் கேட்டார்.

"நாய் சரியில்லையாம். கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லி உங்கட அப்பாவுக்குக் காயிதம் எழுதுறார்."

"நாய்க்கும் கலியாணத்துக்கும் என்ன?"

"நாயிலை ஒண்டுமில்லை. என்னைக் கடலுக்கு அங்காலை விட அவருக்கு ஏலாமக் கிடக்கு. அதைச் சொல்ல வெக்கம். அதுதான் குறை தேடுறார்."

"வாடைக் காலத்திலை நீர் இஞ்சையே வந்து நில்லும் எண்டு நான் எப்பவோ சொன்னனான்தானே. யோசியாதேயும்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவருக்கு ஆர் சொல்லுறது? அவர் என்னைத் தவிர ஒருத்தரையும் நம்பார். நான்தான் அவருக்குக் கிழமைக்குக் கிழமை பொய் சொல்லிக்கொண்டு நிக்கிறன்" என்று சொல்லி அவள் அழத் தொடங்கினாள்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தபோது முயல் தோல் இருந்த கடதாசிப் பை அசைந்தது. வேங்கை பிஸ்கற்றை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தியது. மூக்கைத் தரையோடு வைத்து, வாலை நேராக நீட்டி, நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி வந்தது. புயல் மற்றப் பக்கத்தால் சுற்றி மறித்தது. நான் ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது. ஓடுகிறதைத் துரத்து என்று பழக்கியதே நான்தான். கடை வாசலில் வைத்து இரண்டும் என்னை விழுத்திப் பையைப் பறித்தன. "அண்ணை, நாய் திறம், வலு திறம்!" என்று கடைக்குள்ளிருந்து வசீகரன் கத்தினான். உங்கள் மகன் ஓடிவந்து என்னைத் தூக்கி, சாரத்தில் மண்ணைத் தட்டி, ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்னபூரணம் அவருக்குச் சீனி எவ்வளவு என்று கேட்காமலே தேத்தண்ணி போட்டாள். அதையும் கவனித்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஆகவே சம்பந்தி, நல்ல நாளாகப் பாருங்கள். கடல் அடங்கியிருக்கிற மாதமாக இருக்கட்டும். நாய்கள் இரண்டையும் நிசாந்தினியோடு அனுப்புகிறேன். அவள் இல்லாமல் இங்கே விட்டால் வெள்ளிக்கு வெள்ளி சந்தியில் போய்க் குந்தியிருக்கும், பிறகு நானும் போய்க் கூடக் குந்த வேண்டி வரும். அடுத்த ஈற்றில் எனக்கு ஒரு குட்டி அனுப்பி வையுங்கள். தகப்பன் எந்த நாயென்று இந்த முறை நான் விசாரிக்க மாட்டேன். நீங்களும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.