எஃப்ரைன் கிரோகாவுக்கு நாங்கள் வேலை கொடுத்த வரலாறு

செய்ந்நன்றி மறவாமை என்றால் என்ன என்று உலகம் தெரிந்துகொள்ள விரும்பினால், வடக்குக் கலிஃபோர்னியாவில் எங்கள் டார்வீட் மாவட்டத்துக்கு வந்து மூன்று மாதம் தங்கிப் பயிற்சி பெறலாம். வருடம் தவறாமல் எங்கள் மலை எரிகிறது. வருடம் தவறாமல் நாங்கள் நன்றி சொல்கிறோம். பழைய படுக்கை விரிப்பில் 'மாவீரர்களே, நன்றி!' என்று பெயின்ட் அடித்து வேலியில் கட்டுவோம். மஞ்சள் சட்டைத் தீயணைப்பு வீரர் வந்தால் கட்டிப்பிடிப்போம். ஆரஞ்சுச் சட்டை போட்டவர் தீயணைக்கச் சிறைமுகாமிலிருந்து கூட்டிவரப்பட்ட கைதி என்பதால், இருபதடி தள்ளி நின்று மனத்தால் கட்டிப்பிடிப்போம். அவருக்கென்று சுட்ட பிஸ்கட்டை விதிப்படி காவலரிடம் ஒப்படைப்போம். காவலர் அதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு சாப்பிடுவார்.

இந்த மாவட்டத் தீயணைப்புத் துறையின் ஆள்தேர்வுக் குழுவுக்கு நான் செயலாளர். எஃப்ரைன் கிரோகா எங்களிடம் வேலை கேட்டு வந்த வரலாற்றை எழுதும் பாக்கியம் அதனால்தான் எனக்கு வாய்த்தது.

எஃப்ரைனுக்கு முப்பத்தோரு வயது. சின்ன வயதில் கார் திருடியும் கடையில் கொள்ளையடித்தும் உள்ளே போனவர். கடைசி மூன்று வருடம் சிறைமுகாமின் தீயணைப்புப் படையில் முன்னால் நின்று, தீயை மறிக்க மரம் வெட்டும் ரம்பம் பிடித்தவர். ஜூன் மாதம் விடுதலையாகி, இரவல் டை கட்டிக்கொண்டு எங்கள் முன் உட்கார்ந்தார். வேறு எந்த வேலைக்கும் அவர் மனுப் போடவில்லை. "எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதாங்க" என்றார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் லொரெட்டா அம்மையார், ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி வென்டல், நான். வென்டலுக்கு நாகரிகம் போதாது. நேராக வேலையைப் பற்றியே கேட்டுவிட்டார்.

"திடீர்னு காத்து உன் பக்கம் திரும்பிடுச்சு. என்னப்பா பண்ணுவ?"

"திரும்பறதுக்கு முன்னாடியே வழி பாத்து வெச்சிருப்பேன் சார். ஏற்கெனவே எரிஞ்சு கறுத்த இடத்துக்குள்ள பசங்கள இழுத்துட்டுப் போயிடுவேன். எரிஞ்ச இடம் மறுபடி எரியாதுல்ல?"

"இதைச் சொல்ல நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு வருஷமாகும். எடுத்துக்கலாம்மா, லொரெட்டா."

லொரெட்டா கண்ணாடியைச் சரிசெய்தார். "தம்பி, முன் அனுபவம்னு கேட்ட இடத்துல 'பத்தொன்பது காட்டுத்தீ'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அது அனுபவம் இல்ல தம்பி."

"பின்ன என்னங்க?"

"சீர்திருத்தம்."

"நெருப்பு நிஜ நெருப்புதாங்க மேடம்."

"அது நெருப்போட பிரச்சினை. அப்புறம் தீயணைப்பு வேலைக்கு முதலுதவி உரிமம் வேணும். தண்டனை முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சுத்தான் எங்க மாவட்டத்துல தருவோம். மத்தவங்க வீட்டுக்குள்ள போற வேலை இல்லையா. பொருளெல்லாம் கிடக்கும்."

"போன ஆகஸ்ட்ல ஆளில்லாத வீடு பதினொண்ணுல நுழைஞ்சேன் மேடம். ஒரு பூனையத்தான் எடுத்துட்டு வந்தேன். அதையும் மறுநாளே திருப்பிக் கொடுத்தாச்சு."

"அப்ப காவலர் கூட இருந்தார்."

"அவர் கீழ வண்டியில தூங்கிட்டிருந்தாருங்க."

இதை நான் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை. உறக்கம் என்பது ஊழியர் நலன் சார்ந்த விஷயம்.

எஃப்ரைன் இரவல் டையைத் தளர்த்திக்கொண்டார். "அப்ப, உள்ள இருந்தா நாளைக்கே அணைக்கலாம். வெளிய வந்துட்டா பத்து வருஷம் காத்திருக்கணும். அப்படித்தானே?"

"கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்க!" லொரெட்டா பூரித்துப்போனார். "நிறையப் பேருக்கு இது விளங்கறதே இல்ல."

"எனக்கு வெக்கமா இருக்கு லொரெட்டா" என்றார் வென்டல்.

"நிகழ்ச்சி நிரல்ல வெக்கம் இல்லையே வென்டல்."

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. இரண்டாவது கை என்னுடையது. கனத்த இதயத்தோடுதான் தூக்கினேன். எஃப்ரைன் மரம் வெட்டும் ஒருவரிடம் கூலிக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

செப்டம்பரில் மலை வழக்கம்போல் பற்றிக்கொண்டது. லொரெட்டா சிறைமுகாமுக்குப் போன் போட்டார். முகாம் படையின் கேப்டன் ஸ்பீக்கரில் பேசினார்.

"படை வருது மேடம். ஆனா முன்னால ரம்பம் பிடிக்கச் சரியான ஆள் இல்ல."

"ஏன், நல்ல ஆள் ஒருத்தர் இருந்தாராமே?"

"கிரோகாவா? விடுதலையாயிட்டாரு."

"அடப்பாவமே!" லொரெட்டா உண்மையாகவே கலங்கினார். "நன்னடத்தைன்னு சொல்லி நல்ல ஆளுங்களையெல்லாம் வெளிய அனுப்பிடறாங்க. அப்புறம் மாவட்டத்த யார் காப்பாத்தறது?"

மறுநாள் மதியம் தீ என் தெருவின் மேட்டுக்கு வந்துவிட்டது. எல்லோரையும் வெளியேறச் சொல்லிச் சாலையை மூடியிருந்தார்கள். நான் பெட்டியோடு முற்றத்தில் நின்று கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது ரம்பச் சத்தம் கேட்டது. எஃப்ரைன்! தடுப்பைத் தாண்டி, முதலாளியின் லாரியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், வீட்டுச் சுவரை ஒட்டி இந்தப் புதரை வெச்சது யாரு?"

"அது... அழகுக்கு."

"நல்லா எரியும் சார் அழகு. தள்ளி நில்லுங்க."

இரண்டு மணி நேரம் வெட்டினார், இழுத்துப் போட்டார், தெருவின் பின்பக்கம் முழுக்கப் புல்லைச் சுரண்டி வெறும் மண்ணாக்கினார். தீ வந்தது. மண்ணைப் பார்த்தது. தின்ன ஒன்றும் இல்லாமல் ஓடைப்பக்கம் ஒதுங்கிப்போனது. எட்டு வீடுகள் நின்றன. நான் வாய்விட்டு அழுதேன். அதை மறைக்க மாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிருள்ளவரை மறக்க மாட்டேன் எஃப்ரைன்" என்றேன்.

மறக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் நிமிடம் பிசகாமல் சொன்னேன்.

"அவரு மூடின பகுதிக்குள்ள நுழைஞ்சது தெரியும் சார்" என்றார் அவர். "உரிமம் இல்லாம தீயணைப்பு வேலையும் செஞ்சாரான்னுதான் தெரியணும். சும்மா மரம் வெட்டினேன்கறாரு. அப்படின்னா எச்சரிக்கையோட விட்டுடலாம். தீயணைப்புன்னா கேஸ்தான்."

என் வீட்டைக் காத்தவரை வெறும் மரம்வெட்டி என்பதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மரம் வெட்டறதா? என்ன பேசறீங்க! அது அசல் தீயணைப்பு வேலை. இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், இப்படி ஒரு கைதேர்ந்த ஆளைப் பாத்ததில்ல. எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார். நான் கையெழுத்தும் போட்டேன்.

எஃப்ரைன் இப்போது மறுபடியும் ஆரஞ்சுச் சட்டையில், படையின் முன்னால் ரம்பத்தோடு நிற்கிறார். எங்கள் மாவட்டத்தை நன்றிகெட்ட மாவட்டம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவருக்கு அனுபவம் இருக்கிறது என்று முதன்முதலில் எழுத்தில் சான்று கொடுத்த அதிகாரி நான்தான். நீதிபதி வேறு சாட்சியே கேட்கவில்லை.