கிளி போட்ட பக்கத்தில் தலைவலி

தலைவலியை அவ்வளவு அழகாக எழுதிய மனுஷி இந்தப் பூமியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. திருவள்ளூர் பெண்கள் விடுதியில் அவருக்கு டைரி அக்கா என்று பெயர். ஊர் பள்ளிப்பட்டு, வேலை கரண்டு ஆபீசில். எழுபதுகளின் தொடக்கத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்த எனக்கு அவருக்குப் பக்கத்துக் கட்டில்.

உரக்கடையில் இலவசமாகக் கொடுக்கிற டைரியை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த வாரப் பக்கங்களுக்கெல்லாம் ஓரம் வரைந்துவிடுவார். கொடி, கிளி, தாமரை, நாலு கலர் மை. முதல் எழுத்தைத் தேர் மாதிரி ஜோடிப்பார். நடுவில் முத்து முத்தாக எழுதியிருப்பது: ‘இன்றும் தலைவலி.’

ரகசியமெல்லாம் கிடையாது. மை காய வேண்டுமே, டைரி கட்டில்மேல் விரித்தே கிடக்கும். ஒருநாள் வார்டனம்மா குனிந்து படித்தார். தாமரைகளுக்கு நடுவே, ‘வார்டன் இன்றும் உயிரோடு இருக்கிறார்.’

“ஏம்மா, நான் உனக்கு இன்னா பாவம் பண்ணேன்?”

“நல்லாத்தானேம்மா எழுதிக்கிறேன்? தாமரைகூடப் போட்டுக்கிறேன் பாருங்க.”

சில நாளுக்கு ஓரத்தோடு விஷயத்தையும் முன்கூட்டியே எழுதிவிடுவார். கேட்டால், “எப்படியும் தெரிஞ்சதுதானேடி, இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கணும்?” என்பார்.

அதுதான் வினையாயிற்று. அவரைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவருடைய நைனா ஊரிலிருந்து வந்து, விடுதியின் முன்னறையில் கேசரியோடு காத்திருந்தார். மகளின் கையெழுத்தைக் காட்டினால் அசந்துபோவார்கள் என்று டைரியைக் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா அன்றைய தேதியைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகவே படித்தார்: ‘பெண் பார்க்க வருகிறார்கள். கேசரி வீண்.’

ஐந்து நிமிஷத்தில் அறை காலி.

“நான் சொல்லல?” என்றார் அக்கா.

நைனா அந்தக் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். “நான் ஒருத்தன் இருக்கேனே, எப்படி வீணாவும்?” என்று முழுவதையும் அவரே சாப்பிட்டார். அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் தந்தி வந்தது. நைனா போய்விட்டார். நான்தான் அக்காவோடு பஸ்ஸில் பள்ளிப்பட்டு போனேன்.

காரியம் முடிந்து திரும்பியவர் டைரியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஆபீஸ் போவார், வருவார், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அவர் புலம்பினால் எங்களுக்குச் சிரிப்பு வரும். புலம்பாமல் கிடந்தபோது அறைக்குள் அடிமேல் அடி வைத்து நடந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டனம்மா கடைத்தெருவிலிருந்து பச்சை மை பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு நேரே எங்கள் அறைக்கு வந்தார்.

“எழுந்து உக்காரு. என்னப் பத்தி எதுனா எழுது. செத்துட்டேன்னு வேணா எழுது, பரவால்ல.”

“முடியலம்மா.”

“அப்போ உங்க நைனாவப் பத்தி எழுது.”

அக்கா எழுந்து பெட்டியைத் திறந்தார். ஓரம் போடாத வெறும் பக்கம். எழுத்து கோணல் கோணலாக வந்தது. ‘நைனா இல்லை.’ அவ்வளவுதான். பிறகு அந்த இரண்டு வார்த்தையைச் சுற்றி ஒரு கொடியை வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு இலையாக, மெதுவாக. வார்டனம்மா பாட்டிலைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் பக்கம் புரளாமல் நான் ஓரத்தை அழுத்திக்கொண்டேன்.

காயாத பச்சை என் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவ எனக்கு மனசே வரவில்லை.